40 சேனல் செட்டில் 13 சேனல் வம்பு! சி.பி. ரேடியோ வாங்குகிறவர்களே, உஷார்!

போலீஸ்காரர் கையில் கரகரக்கும் வாக்கி டாக்கியைப் பார்த்து, "நாமும் ஒருநாள் 'ஓவர்... ஓவர்...' என்று பேச மாட்டோமா" என்று ஏங்காத பையன் உண்டா? ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் கண்ணில் பட்ட செட்டை எல்லாம் வாங்கிப் பேச ஆரம்பித்தால் வம்புதான்.

பொதுமக்கள் பேசுவதற்கென்றே சர்க்கார் ஒரு வழி விட்டு வைத்திருக்கிறது. அதன் பெயர் சி.பி. ரேடியோ. 'சிட்டிசன்ஸ் பேண்ட்' என்பதன் சுருக்கம். இதற்கு டவர் கிடையாது, சிம் கார்டு கிடையாது, ரீசார்ஜும் கிடையாது. உங்கள் செட்டில் கிளம்பும் அலை நேராக எதிராளி செட்டுக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான்!

லாரி டிரைவர்கள் ராஜ்யம்

இந்தப் பொழுதுபோக்கு கொடிகட்டிப் பறந்தது அமெரிக்காவில். அங்கே 1958-ல் 27 மெகா ஹெர்ட்ஸ் பகுதியை ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவும், பங்குகளில் தட்டுப்பாடு. அதைத் தொடர்ந்து மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கும் கடிவாளம். எந்த பங்கில் டீசல் இருக்கு, எந்த வளைவில் போலீஸ் மறைஞ்சு நிக்குது என்று லாரி டிரைவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொன்னது சி.பி.யில்தான்!

யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. எல்லாம் பட்டப்பெயர்தான். ஜனாதிபதி போர்டின் மனைவி பெட்டி போர்டுகூட 1976-ல் பேசினார். அவர் வைத்துக் கொண்ட பெயர் 'பர்ஸ்ட் மாமா'. நம்ம ஊர் மாமா இல்லைங்க, 'அம்மா' என்று அர்த்தம்!

23 சேனல்கள் 1977-ல் 40 ஆயின. 9-வது சேனல் ஆபத்து உதவிக்கு. 19-வது சேனல் லாரிக்காரர்களுக்கு.

நம்ம நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரை லைசென்சு தேவையில்லை. ஆனால் நிபந்தனை உண்டு. சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது. ஏரியல் செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும். மாடியில் தனிக் கம்பம் நடக்கூடாது. செட்டுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் இருக்க வேண்டும்.

கண்ணி எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்க செட்டில் 27-வது சேனல் 27.275. அது நம் எல்லைக்குள். 28-வது சேனல் 27.285. மயிரிழையில் எல்லை தாண்டி விட்டது! 40-வது சேனலோ 27.405. ஆக, 40 சேனல் செட் வாங்கினால் கடைசி 13 சேனல் இங்கே சட்ட விரோதம்.

இன்னொன்று. வாக்கி டாக்கி என்று விற்பதெல்லாம் சி.பி. அல்ல. பல செட்டுகள் லைசென்சு கேட்கும் வேறு அலைவரிசையில் வேலை செய்பவை. போலீஸ், மீட்புப் படை வயர்லெசில் குறுக்கிட்டால் உயிருக்கே உலை! 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இது விஷயமாக 13 ஆன்லைன் வியாபார தளங்களுக்கு நோட்டீஸ் விட்டது. அப்போது கண்டுபிடிக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 16,970!

எப்படி ஆரம்பிப்பது?

தனி செட் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. நண்பரும் ஒன்று வாங்க வேண்டும். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சேனல் காலியாக இருந்தால் பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததும் பட்டனை விடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரகசியம் பேசாதீர்கள், ஊரே கேட்கும்!

தூரம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இந்த அலையின் நீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு ஏரியல் என்றாலே 9 அடி! கைச் செட்டின் குட்டி ஏரியலுக்கு அந்தத் தெம்பு இல்லை. கட்டடங்கள் நெருக்கமான இடத்தில் இன்னும் குறையும். வெட்டவெளியில் நன்றாக எடுக்கும்.

கடல் தாண்டிப் பேச ஆசையா? அதற்கு 'ஹாம்' பரீட்சை இருக்கிறது. 2004 சுனாமியில் அந்தமானில் டெலிபோன் செத்துக் கிடந்தபோது, தகவல் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஹாம்காரர்கள்தான்.

செட் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த அலைவரிசை? எத்தனை வாட்? அங்கீகாரச் சான்று எங்கே? அவர் முழித்தால், காசைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள்!