குஞ்சுகளுக்கு மருந்தைவிட வெப்பமே முதல் தேவை

நாட்டுக்கோழி வளர்ப்பில் பலரைச் சோர்வடைய வைப்பது முதல் வார இறப்புதான். குஞ்சுகள் நாலைந்து செத்ததும் ஆன்டிபயாடிக் பொடியை வாங்கித் தண்ணீரில் கலப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், குளிரால் சாகும் குஞ்சை எந்த மருந்தும் காப்பாற்றாது.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கிடையாது. முதல் வாரத்தில் செயற்கை அடைகாப்பானுக்குள் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது என்று பொருள். விலகி ஓரத்தில் நின்று, வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியான அளவு. இரவு 2 மணிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள். அந்த நேரத்தில்தான் நெருக்கியடித்து மூச்சுத்திணறிச் சாகும். மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் அவசியம்.

ஆசனவாயில் எச்சம் ஒட்டினால்...

குளிர், பயணக் களைப்பு, தண்ணீர்க் குறைவு ஆகியவற்றால் எச்சம் ஆசனவாயில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிய்த்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காயும்வரை வெப்பத்தில் விட வேண்டும். குஞ்சுகள் வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகே தீவனம்.

ஆனால், பல குஞ்சுகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகக் கழிந்து, இறகு தொங்கி நின்றால் அது சால்மோனெல்லா கிருமியால் வரும் புல்லோரம் நோயாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் இறந்த குஞ்சை ஐஸ் வைத்து எடுத்துச் சென்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போதே தொப்புளைப் பாருங்கள்

தொப்புள் மூடிக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக, சிவந்து, வயிறு உப்பி, துர்நாற்றம் வந்தால் தொப்புள் அழற்சி. அழுக்கு முட்டையும் சுத்தமில்லாத பொரிப்பானும் இதற்குக் காரணம். பாதித்த குஞ்சுகள் பிழைப்பது அரிது, வாங்காதீர்கள்.

உமி ஈரமாகக் கூடாது

பூசணம் பிடித்த உமியிலிருந்து நுரையீரல் நோய் வரும். ஈர உமி, மூன்றாவது வாரத்துக்கு மேல் ரத்தக்கழிச்சலுக்கும் வழிவகுக்கும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி மாற்றுங்கள். வழவழப்பான காகிதத்தில் குஞ்சுகளை விட்டால் கால் விரிந்து முடமாகும்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு 7ஆம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். அதை ஐஸில் வைத்து எடுத்து வந்து, காலை அல்லது மாலையில் போடுங்கள்.

அடுத்த முறை குஞ்சு செத்தால் மருந்துக் கடைக்குப் போகும் முன் அடைகாப்பானுக்குள் கையை வைத்துப் பாருங்கள்.