வெள்ளம் புகுந்தது ஊருக்குள்! சபை கூடியது 2 நாள்!!

மழைக்காலம் வந்தாலே கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஜனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2024 டிசம்பர் 2-ந்தேதியை யாரும் மறக்கவில்லை. பெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு, சாத்தனூர் அணையில் இருந்து விடியுமுன்னே 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை பொங்கி கடலூர் புறநகருக்குள் புகுந்தது.

சரியாக எச்சரிக்காமல் திறந்து விட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அரசு மறுத்தது. இதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் எது? சட்டசபைதான்.

சபை அந்த மாதம் 9, 10 தேதிகளில் கூடியது. மதுரை டங்ஸ்டன் சுரங்கத் தீர்மானம், துணை மானியக் கோரிக்கை, எல்லாம் அந்த 2 நாளுக்குள்தான். அணை விவகாரமும் காரசாரமாக அடிபட்டது. அத்தோடு சரி! அடுத்துக் கூடியது 2025 ஜனவரி 6-ந்தேதி.

அதுவாவது பரவாயில்லை. 'தானே' புயல் பண்ருட்டி முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது 2011 டிசம்பர் 30-ல். சபை கூட அடுத்த மாதக் கடைசி ஆகிவிட்டது. 2015 நவம்பர் வெள்ளத்துக்கோ 2016 ஜனவரி வரை காத்திருக்க வேண்டி வந்தது.

6 மாத கணக்கு

அரசியல் சட்டம் 174-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒரு கூட்டம் முடிந்து 6 மாதத்துக்குள் அடுத்தது தொடங்க வேண்டும். எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது! கொரோனா காலத்தில் 2020 மார்ச் 24-ல் முடிந்த சபை, கெடு நெருங்கிய செப்டம்பரில் கலைவாணர் அரங்கில் கூடி, மூன்றே நாளில் கலைந்தது. சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது.

70 உறுப்பினருக்கு மேல் உள்ள சபை வருஷத்துக்கு 90 நாளாவது கூட வேண்டும் என்று 2002-ல் அரசியல் சட்ட மறு ஆய்வுக் கமிஷன் சொன்னது. நம் சபையில் 234 பேர். 100 நாள் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது. ஆட்சிக்கும் வந்தது. 2024-ல் நடந்தது 20 நாள்கூட இல்லை.

கூடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சிதம்பரத்துக்காரர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசு கைக்கு வந்தது 2013-ல் இந்தச் சபை போட்ட சட்டத்தால்தானே!

சபையைக் கூட்டுவது கவர்னர், மந்திரிசபை சொன்னபடி. எத்தனை நாள் என்பதை சபாநாயகர் தலைமையில் உட்காரும் அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. அதில் எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்துக்கு 9 எம்.எல்.ஏ.க்கள். நாளைக் கூட்டிக் கேளுங்கள் என்று அவர்கள் தங்கள் கட்சித் தலைவர்களிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை.