சிறு அலுவலகங்களுக்கும் பொருந்தும் 6 மணி நேர விதி: சர்வர் பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: பத்துப் பதினைந்து கணினிகள் கொண்ட சிறு அலுவலகத்தில் கோப்புகள், கணக்குகள், வாடிக்கையாளர் விவரங்கள் அனைத்தும் ஒரே சர்வரில் வைக்கப்படுவது வழக்கம். அது முடங்கினால் அலுவலகமே முடங்கும். ஆயினும், அதைப் பராமரிக்கத் தனிப் பணியாளர் இல்லாத இடங்களில், இயங்கும்வரை அதில் கை வைக்க வேண்டாம் என்ற மனப்போக்கே நிலவுகிறது. தாக்குதல்களுக்கும் சட்டச் சிக்கலுக்கும் வழிவகுப்பது இந்த மனப்போக்கே.

சட்டம் கூறுவது என்ன?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி பிரிவின்கீழ், இந்திய கணினி அவசரகால நடவடிக்கைக் குழு (செர்ட்-இன்) 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அக்குழுவுக்குத் தகவல் அளிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்கள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் ஒத்திருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் மட்டுமே இந்த உத்தரவுக்கு உட்பட்டவை அல்ல. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம் மட்டுமே அளிக்கப்பட்டது; விலக்கு அளிக்கப்படவில்லை.

இதேபோல், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் வழங்கப்பட்டுள்ளது.

59 நாள் தாமதத்தின் விலை

விண்டோஸ் இயங்குதளத்தின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. 59 நாள்கள் கழித்து, மே 12 அன்று, அதே குறைபாட்டின் வழியாக 'வான்னாக்ரை' மிரட்டல் மென்பொருள் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேச காவல்துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. திருத்தத்தை உரிய காலத்தில் நிறுவியிருந்த கணினிகளில் அந்தக் குறைபாட்டின் வழியாக அது நுழைய இயலவில்லை.

மைக்ரோசாஃப்ட் தனது திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அது அன்றிரவு கிடைக்கும். எனவே, அந்த வார இறுதியில் சர்வரை நிறுத்தி இயக்குவதற்கென ஒரு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குவது எளிய தீர்வாகும்.

திருத்தமே வெளிவராத பழைய மென்பொருள்கள் கூடுதல் அபாயம் கொண்டவை. விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 வரை மட்டுமே ஆதரவு உண்டு. சர்வரில் உள்ள மென்பொருள்கள், அவற்றின் பதிப்பு, ஆதரவு முடியும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பதே பராமரிப்பின் முதல் படி.

அனைவருக்கும் அனைத்து உரிமையும்

கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை அலுவலகத்தில் உள்ள அனைவரும் திறக்கவும், மாற்றவும், அழிக்கவும் இயலுமாறு பகிர்ந்து வைப்பது சிறு அலுவலகங்களில் காணப்படும் பழக்கம். இந்நிலையில், பணியாளர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த தீய இணைப்பைத் திறந்தால், மிரட்டல் மென்பொருள் அவருடைய உரிமைகளுடனேயே செயல்படத் தொடங்கும். அவரால் மாற்ற இயலும் ஒவ்வொரு கோப்பையும் அதனாலும் பூட்டிவிட முடியும். சர்வரின் கடவுச்சொல்லை அது அறிய வேண்டிய தேவைகூட இல்லை.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அவரது பணிக்குத் தேவையான உரிமையும் மட்டுமே வழங்கப்பட வேண்டும். நிர்வாகி கணக்கை அன்றாடப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது. பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும்.

வலையமைப்பைப் பிரித்து வைப்பதும் இதே நோக்கம் கொண்டது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் 2022 நவம்பரில் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே இதற்குக் காரணம் என மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சிறு அலுவலகத்திலும் சர்வர், பணியாளர் கணினிகள், விருந்தினருக்கான வைஃபை, கண்காணிப்பு கேமராக்கள் ஆகியவற்றை ரௌட்டரிலேயே தனித்தனிப் பிரிவுகளாக அமைக்க இயலும்.

இணையத்துக்குத் திறந்த கதவு

வீட்டிலிருந்து பணியாற்றுவதற்காக, சர்வரின் தொலைநிலைத் திரை வசதியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது மற்றொரு பெரும் அபாயம். இவ்வசதி வழக்கமாக 3389 என்ற எண் கொண்ட போர்ட்டில் இயங்குகிறது. அந்த எண்ணை மாற்றிவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. இணையத்தை இடைவிடாது துழாவும் தானியங்கி நிரல்கள் எல்லா எண்களையும் சோதிக்கின்றன. விபிஎன் இணைப்பின் வழியாக மட்டும் அனுமதிப்பதும், கடவுச்சொல்லுடன் கைப்பேசி வழியிலான இரண்டாவது சரிபார்ப்பைச் சேர்ப்பதும் பாதுகாப்பான முறை. விபிஎன் கருவிக்கும் ரௌட்டருக்கும் உரிய திருத்தங்களையும் அவ்வப்போது நிறுவ வேண்டும்.

பராமரிப்பை வெளியாருக்கு ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் மிரட்டல் மென்பொருள் தாக்குதலுக்கு உள்ளானதால், 2024 ஜூலை 31 அன்று தேசிய பணப் பட்டுவாடாக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணப் பரிவர்த்தனை செய்ய இயலாமல் தவித்தனர். அச்சங்கிலியில் இருந்த மற்றொரு நிறுவனத்தில், 'ஜென்கின்ஸ்' என்ற சர்வர் மென்பொருள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததே தொடக்கப் புள்ளி என கிளவுட்செக் நிறுவனத்தின் ஆய்வு கூறியது.

காப்பு நகல் எங்கே இருக்க வேண்டும்?

எய்ம்ஸ் தாக்குதலில் பாதிக்கப்படாமல் எஞ்சிய காப்பு சர்வரிலிருந்துதான் மின்-மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன. பெரும்பாலான சேவைகள் சீரடைய இரண்டு வாரங்கள் ஆயின. நகல் இல்லாத இடத்தில் இந்த மீட்பும் சாத்தியமில்லை.

இரட்டை வன்தட்டு அமைப்பைக் காப்பு நகலாகக் கருதுவோர் உண்டு. ஒரு தட்டு பழுதானால் மட்டுமே அது உதவும். ஒரு கோப்பு அழிக்கப்பட்டாலோ பூட்டப்பட்டாலோ அந்த மாற்றம் இரண்டாவது தட்டிலும் உடனே பதிவாகிவிடும். சர்வருடன் எப்போதும் இணைந்திருக்கும் வெளி வன்தட்டும் இவ்வாறே பாதிக்கப்படும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. குறைந்தது ஒரு பிரதியாவது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மாதம் ஒரு முறை சில கோப்புகளை நகலிலிருந்து மீட்டுப் பார்ப்பதும் அவசியம். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப இயலாது.

பதிவுகளும் நேரமும்

பல சர்வர்களில் செயல்பாட்டுப் பதிவுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம் நிறைந்ததும், பழையவை தாமாகவே அழிக்கப்படுகின்றன. எனவே, 180 நாள் விதியை நிறைவேற்ற அந்த அமைப்பை மாற்றுவதுடன், பதிவுகளின் பிரதியை வேறொரு சாதனத்திலும் சேமிக்க வேண்டும். ஊடுருவியவர் முதலில் அழிக்க முயல்வது தன் தடயங்களையே. கணினிகளின் நேரம் முன்பின்னாக இருந்தால், எந்தக் கணினியிலிருந்து தாக்குதல் தொடங்கியது என்பதைக் கண்டறிவதும் கடினம்.

தாக்குதல் நேர்ந்தால்

பாதிக்கப்பட்ட கணினியின் வலைக் கம்பியையும் வைஃபை இணைப்பையும் உடனே துண்டிக்க வேண்டும். அவசரப்பட்டு இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால் தடயங்கள் அழிந்துவிடும். காப்பு நகல் அடங்கிய வன்தட்டை அச்சமயத்தில் இணைக்கக் கூடாது. செர்ட்-இன் குழுவின் 1800-11-4949 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் தெரிவிக்கலாம். பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இந்த எண்களும், சர்வர் பராமரிப்பாளரின் கைப்பேசி எண்ணும், காப்பு நகல் உள்ள இடமும் காகிதத்தில் அச்சிடப்பட்டிருப்பது நல்லது. சர்வர் பூட்டப்பட்ட நாளில், அதற்குள் சேமித்து வைத்த அவசரகாலக் குறிப்பை எவராலும் திறந்து படிக்க இயலாது.