எதில் பாதி குறைகிறது?

கிட்டப்பார்வை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இப்போது கண்ணாடிக் கடையில் ஒரு புதிய வில்லை காட்டப்படுகிறது. இதை அணிந்தால் பவர் ஏறுவது பாதியாகக் குறையும் என்கிறார்கள். விலை சாதாரண வில்லையைப்போலப் பல மடங்கு. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதாலோ என்னவோ, சதவீதத்தைக் கேட்டாலே எதில் அத்தனை சதவீதம் என்று பார்ப்பது என் வழக்கம்.

குழந்தைகளின் கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் காரணம், விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதுதான். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. சாதாரணக் கண்ணாடி அதைச் சரியான இடத்தில் விழச் செய்யும். விழி நீள்வதைத் தடுக்காது. மேலும், அது நடுப்பார்வையைத் தெளிவாக்கும்போது, ஓரங்களில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழக்கூடும். அப்படி விழுந்தால் வளரும் விழி அதை நோக்கி மேலும் நீள்கிறது என்பது குரங்குகளிடம் செய்த சோதனைகளில் தெரியவந்தது.

ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் ஜப்பானின் ஹோயா நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய வில்லை இந்த அறிவைப் பயன்படுத்துகிறது. நடுவில் சுமார் 9 மி.மீ. பகுதி வழக்கமான கண்ணாடி. அதைச் சுற்றித் தேன்கூடுபோல ஏறத்தாழ 400 நுண்வில்லைகள். இவை ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவித்து, நீள வேண்டாம் என்ற குறிப்பை விழிக்கு அளிக்கின்றன.

8 முதல் 13 வயது வரையிலான ஹாங்காங் குழந்தைகளிடம் இது இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சராசரியாக 0.85 டயாப்டர் ஏறியது. சிறப்பு வில்லை அணிந்தவர்களுக்கு 0.41. ஆக, 52 சதவீதம் குறைவு என்பது உண்மை. ஆனால், வித்தியாசம் 0.44 டயாப்டர்; அரை பவர்கூட இல்லை. பவர் ஏறுவது நிற்கவில்லை, ஏறியது இறங்கவுமில்லை.

அப்படியானால் வீண் செலவா? இல்லை. கிட்டப்பார்வை மிகுந்தால் நடுவயதுக்குப் பிறகு விழித்திரை விலகல், கண்ணழுத்த நோய், விழித்திரையின் மையம் சிதைதல் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. ஒரு டயாப்டர் குறைந்தாலே மையச் சிதைவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று 2019-இல் வெளியான கணிப்பு ஒன்று கூறுகிறது. இன்று கட்டும் பணத்தின் பலன் நாற்பது ஆண்டுகள் கழித்து, வராத நோயாகக் கிடைக்கும். காப்பீட்டைப் போன்றதுதான் இதுவும்.

காப்பீட்டிலும் யாருக்கு என்ற கேள்வி உண்டு. ஏழெட்டு வயதிலேயே கண்ணாடி போட்டு, ஆண்டுதோறும் பவர் ஏறும் குழந்தைக்கு இதனால் மிகுந்த பயன். பவர் ஏறும் வேகம் தானாகவே அடங்கிவரும் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பயன் சொற்பம். நாள் முழுதும் அணிய வேண்டும். பவர் மாறும்போதெல்லாம் வில்லையையும் மாற்ற வேண்டும். ஒரு முறை விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், ஐந்தாறு ஆண்டுச் செலவைக் கணக்கிட வேண்டும். வாங்குமுன் விழியின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்கு முன் அளக்கும் அதே வகைக் கருவிதான். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால், நீட்சியின் வேகம் எண்ணாகவே தெரியும்.

வசதியில்லாத பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. பள்ளிப் பரிசோதனையில் கிடைக்கும் இலவசக் கண்ணாடி சாதாரண வில்லைதான். கரும்பலகை தெரிவதற்கு அதுவே போதும். அதையும் பவரைக் குறைத்துப் போட்டால் மேலும் ஏறாது என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. மலேசியாவில் 2002-இல் வெளியான ஆய்வில், குறைத்துப் போட்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம் ஏறியிருந்தது.

கிட்டப்பார்வை வருமுன் காக்கவும் வழி உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் சில தொடக்கப் பள்ளிகள் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகக் குழந்தைகளை வெளியில் விட்டன. மூன்று ஆண்டுகளில் அங்கே 30.4 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது; மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.