உங்களுக்குத் தெரியுமா? மட்கார்டு மினுங்கும் பழைய சைக்கிள்

புதுப்பித்து நிறுத்திய பழைய சைக்கிளுக்கு என்ன வயது என்று அதன் சொந்தக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. குனிந்து பின்சக்கரத்தின் ஹப்பைப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் என்றால் பெரும்பாலும் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 58, 3 என்று இருந்தால் அந்த ஹப் 1958 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்தது. சைக்கிளும் அநேகமாக அந்த வருஷத்தது. ‘அநேகமாக’ என்று சொல்லக் காரணம், சக்கரத்தை மட்டும் மாற்றிப் பூட்டிவிட்டு ‘எல்லாம் ஒரிஜினல் சார்’ என்று விலை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

*

பெயின்ட் முழுக்கப் போயிருந்தாலும் கம்பெனியைக் கண்டுபிடிக்கலாம். பெடல் பக்கத்துப் பல்சக்கரமே பெயர்ப்பலகை. கொக்குத் தலைகள் வெட்டியிருந்தால் ராலே. ஐந்து குட்டி மனிதர்கள் நின்றால் ஹம்பர். விரித்த கை என்றால் ரட்ஜ். இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவும் ஆயின. ஹம்பரை 1932லும் ரட்ஜை 1943லும் ராலே வாங்கிக்கொண்டது. முகப்பில் மூன்று துப்பாக்கிகளைச் சார்த்திவைத்த சின்னம் பி.எஸ்.ஏ. உடையது. பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861இல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது.

*

ராலே என்ற பெயரைப் பார்த்ததும் ‘இங்கிலாந்து மேக்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை இருந்தது. நம் பக்கம் ஓடியவற்றில் கணிசமானவை அதைவிடக் கிட்டத்தில் செய்தவை. முருகப்பா குழுமம் 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் ஆலை. முதலில் ஹெர்குலிஸ், பிறகு பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. உங்கள் தாத்தாவின் ‘சீமை சைக்கிள்’ அம்பத்தூர்க்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*

ஐரோப்பாவின் பல இடங்களில் 1950களின் ரோட்ஸ்டர் சைக்கிளை மீட்டெடுக்கிறவர் டயருக்கே தேடி அலைய வேண்டும். 28க்கு ஒன்றரை அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர் ரிம், அங்கெல்லாம் அரிதாகிவிட்ட அளவு. விழுப்புரம் கடைத்தெருவில் அது சாதாரணச் சரக்கு. கம்பி பிரேக்கின் கட்டை, காட்டர் பின், பால்ரஸ், கோன், வால்டியூப் என்று எதைக் கேட்டாலும் கடைக்காரர் புருவத்தை உயர்த்த மாட்டார். இங்கிலாந்து கைவிட்ட அந்த வடிவத்தை இந்தியா இன்னும் செய்துகொண்டிருப்பதுதான் காரணம். முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பாரம் தாங்கும் பின்சக்கரத்துக்கு 40 என்ற பழைய ஆங்கிலேயக் கணக்குகூட மாறவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் இந்த அதிர்ஷ்டம் காலை வாரிவிடும். மற்றவர்கள் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது ராலே பிடிவாதமாக 26 வெட்டியது. பெடல் அச்சு கோக்கும் கப்பிலும் ஹேண்டில்பார் கழுத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. லூதியானாவில் செய்த கப்பை நாட்டிங்ஹாம் ராலேவில் பலவந்தமாகத் திருகினால் போவது கப் அல்ல, பிரேம். பழைய கப் ஓரளவு தேய்ந்திருந்தாலும் அதையே வைத்துக்கொண்டு பால்ரஸை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம்.

*

இனி மட்கார்டு. பழைய சைக்கிளில் அசலாகக் கிடைக்க அரிதான உறுப்பு இதுதான் என்பேன். லொடலொட என்று ஆட ஆரம்பித்ததும் முதலில் கழற்றி எறியப்படுவது அது. எனவே நான்கு கம்பிகளும் முன்பக்கத்து மூக்கும் நெளியாத இரும்பு மட்கார்டோடு ஒரு வண்டி நின்றால், நின்று பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

*

பழைய ஆங்கிலேய சைக்கிள்களின் பின்மட்கார்டு வாலில் மட்டும் வெள்ளை பெயின்ட் ஏன்? அழகுக்காக அல்ல. இருட்டில் பின்னால் வரும் மோட்டார்காரர் கண்ணில் பட வேண்டும் என்று 1930களில் பிரிட்டன் போட்ட சட்டம். சட்டம் போன பிறகும் வெள்ளை வால் தங்கிவிட்டது. கடல் தாண்டி இங்கும் வந்தது. மீட்டெடுப்பவர்கள் ஆர்வக்கோளாறில் மட்கார்டு முழுக்கக் கறுப்பு அடித்துவிடுவதைப் பார்த்தால் கை பரபரக்கிறது.

*

மட்கார்டுக்குத் துரு வெளியிலிருந்து வருவதில்லை. உட்புறத்தில் ஒட்டிய சேறு காயாமல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தகடு உள்ளிருந்து அரித்து, மேல் பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் நமக்குத் தெரியும். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஓடிய வண்டி என்றால் இரட்டை ஜாக்கிரதை தேவை. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதும் அடிப்படையில் ஒரு மின்வேதி வினையே. வாங்கும்முன் மட்கார்டின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மேலே எத்தனை பாலிஷ் போட்டிருந்தாலும் விரல் உண்மையைச் சொல்லிவிடும்.

*

குரோமியம் பூச்சின் மேல் லேசாகப் படர்ந்த துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம். சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மிருது என்பதால் பூச்சில் கீறல் விழாது. பூச்சே உரிந்துபோனது என்றால் மறுபடி முலாம் போடத்தான் வேண்டும். அப்போதும் பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அதிகம் தேய்க்க வேண்டாம் என்று. மெருகுச் சக்கரத்தில் ஓங்கிப் பிடித்தால் உலோகத்தில் புடைத்திருக்கும் கம்பெனி எழுத்துகள் மழுங்கிவிடும். வண்டி பளபளக்கும், ஊர் பேர் இருக்காது.

*

எல்லா மட்கார்டும் இரும்பு அல்ல. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலை 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் போய் முடிந்தது. அதே காலத்தில் பிரான்சில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பட்டறைகள் நெடுந்தூரப் பயணத்துக்கென்று சைக்கிள் செய்துகொண்டிருந்தன. மட்கார்டு அலுமினியம், சிலவற்றில் சுத்தியலால் தட்டியது போன்ற பள்ளப் பள்ளமான வேலைப்பாடு. செந்துரு பிடிக்காது. ஆனால் அதிர்ச்சியில் போல்ட் துளையருகே விரிசல் விடும். அதற்காக போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தோல் வாஷர் வைத்தார்கள். சக்கரத்தின் வளைவை மட்கார்டு ஒரு விரற்கடை கூட விலகாமல் தழுவிப் போக வேண்டும் என்பதில் அந்தப் பட்டறைக்காரர்கள் காட்டிய பிடிவாதத்தாலும் இன்றும் உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் அந்த வண்டிகளைத் தேடுகிறார்கள்.

*

பிரேமில் ஓடும் தங்க நிறக் கோடு ஸ்டிக்கர் என்றால் அது பிற்காலத்து வேலை. நல்ல சைக்கிள்களில் நீண்ட மயிர் தூரிகையால் கையாலேயே ஒரே இழுப்பில் போடுவார்கள். இந்தக் கைவேலையின் நெருங்கிய உறவு நம் பக்கத்திலேயே வாழ்கிறது: சென்னை ராயல் என்ஃபீல்டில் புல்லட் டேங்குகளுக்குக் கையால் கோடு போடும் வழக்கம் பிரசித்தம். அந்தக் கம்பெனியும் இங்கிலாந்தில் சைக்கிள் செய்தது தெரியும்தானே?

*

முன்பெல்லாம் சைக்கிளுக்கும் வரி உண்டு. நகராட்சியோ பஞ்சாயத்தோ ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டு ஓர் உலோக வில்லை தரும். வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இப்போது மீட்டெடுப்பவர்கள் அந்த வில்லையைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். ஒரு துப்பு சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993இல்; அதற்கு முன் எல்லாம் தென்னார்க்காடு. ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றும் ‘1962’ என்றும் ஒரே வில்லையில் இருந்தால் அது போன மாதம் அடித்த வில்லை.

*

பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டும் குரங்குப் பெடல் 2024இல் ஒரு திரைப்படத்துக்கே பெயரானது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையிலிருந்து எடுத்த படம். பார் வைத்த ஆண்கள் சைக்கிளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதாலேயே சிலர் அதை விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

*

பெடல் கழலவில்லையா? இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். இடதை முள் சுற்றும் திசையில். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இது தெரியாமல் நீளப் பைப்பை ஸ்பானரில் செருகி மல்லுக்கு நின்றால் கிராங்க் பாழ்.

*

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் சுமக்கின்றன. கடலைக்கு அத்தனை பேர்போன ஊர் என்பதற்காகக் கடலை எண்ணெயை செயினுக்கு விட்டுவிடாதீர்கள். சமையல் எண்ணெய் பெரும்பாலும் நாளடைவில் பிசினாகிச் செம்மண்ணை அள்ளி ஒட்டிக்கொள்ளும். செயினுக்கு மெஷின் ஆயில் போதும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் பழைய மாடல்களில் எண்ணெய் விடவே ஒரு சின்ன மூடி இருக்கும். அதிலும் அவ்வப்போது சில சொட்டு விடலாம். கிரீஸை மட்டும் திணிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் குட்டித் தடைப்பற்கள் ஒட்டிக்கொண்டு கியர் விழாது.