சட்டையில் ஒரு சக்கரம்

காலேஜ் அண்ணன், அக்காக்கள் சனி, ஞாயிறுகூட வீட்ல இருக்காம பேட்ஜ் குத்திக்கிட்டுக் கிளம்புறாங்களே, ஏன் தெரியுமா?

அதுதான் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.). காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பேட்ஜில் இருப்பது கோனாரக் கோயில் தேர்ச்சக்கரம். அதன் 8 ஆரங்கள் 24 மணி நேரத்தைக் குறிக்கும். அதாவது எந்நேரமும் சேவைக்குத் தயார்!

2 வருஷத்தில் 240 மணி நேரம் உழைக்கணும். 7 நாள் முகாமும் உண்டு: பகலில் மரம் நடுதல், சுவரில் விழிப்புணர்வுப் படம் வரைதல், சாயங்காலம் நாடகம், பாட்டு.

"நான் அல்ல, நீ" என்பதே கொள்கை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு முகாம் போனா, சொல்லிக்கொடுக்க மட்டும் போகக் கூடாது. சாமை விதைக்கும் மலைமக்களிடம் கத்துக்கவும் போகணும்.

பிளஸ் ஒன்னுலயும் என்.எஸ்.எஸ். உண்டு. நாமும் சேர்வோமா?