ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பை

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அடுத்த வேலை என்ன? பை கட்டுவது.

பல வீடுகளில் கிளம்புகிற அன்று காலையில்தான் பை கட்டுகிறார்கள். அவசரம் அவசரமாகத் துணிகளைத் திணிக்கிறார்கள். சொம்பு, தட்டு, போர்வை எல்லாம் பைக்குள் வந்துவிடும். ஸ்கேன் படம் மட்டும் பீரோ மேலேயே இருந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார்: "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"வெள்ளையாக இருக்கும், டாக்டர். சின்ன மாத்திரை."

வெள்ளையாக, சின்னதாக எத்தனையோ மாத்திரைகள் உண்டு. சர்க்கரைக்கும் உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் உண்டு. இதை வைத்து டாக்டர் என்ன முடிவு செய்வார்? சில நேரம் ஆபரேஷனே தள்ளிப் போகும்.

துணியை மறந்தால் பிறகு கொண்டு வரலாம். மாத்திரையின் பெயரை மறந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே பையில் முதலில் வைக்க வேண்டியது துணி அல்ல. காகிதம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓர் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சில நாட்கள் தங்க வேண்டும். அவருடைய பையில் என்னென்ன இருக்க வேண்டும்? குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்ற ஆபரேஷன்களுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

காகிதப் பை

கனமான பிளாஸ்டிக் உறை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனையாது. அதில் வைக்க வேண்டியவை:

- ஆஸ்பத்திரிச் சீட்டு
- ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள்
- ரத்தம், சிறுநீர் பரிசோதனை முடிவுகள்
- முன்பு வேறு ஆபரேஷன் ஆகியிருந்தால் அதன் சீட்டு
- ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, அவற்றின் நகல்கள்
- மருத்துவக் காப்பீட்டு அட்டை

காப்பீட்டு அட்டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018ஆம் ஆண்டு தொடங்கியது. இதில் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவும் இதில் அடங்கும். வீடு திரும்பிய பிறகு 15 நாட்கள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் அடங்கும். 70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 முதல் வருமானம் பார்ப்பதில்லை.

வேலைக்காக வேறு மாநிலத்தில் இருப்பவர்களும் இந்த அட்டையைக் காட்டலாம். திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 14555 என்ற எண்ணுக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். அட்டை வீட்டில் இருந்தால் பயன் இல்லை. பையில் இருக்க வேண்டும்.

மாத்திரைப் பை

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கொட்டி எடுத்துப் போக வேண்டாம். அட்டையில்தான் பெயர் இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்கிறது.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்:

- மாத்திரையின் பெயர்
- காலையா, மாலையா, இரவா
- எந்த நோய்க்காக
- எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா

கடைசியில் உள்ளதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். டாக்டர் கண்ணில் உடனே பட வேண்டும்.

நாட்டு மருந்து, சூரணம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள். மறைக்க வேண்டாம். இதய நோய்க்காகச் சிலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். ஆபரேஷனில் அதனால் ரத்தப் போக்கு அதிகமாகலாம். ஆனால் நீங்களாக அதை நிறுத்தினாலும் ஆபத்து. எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பேனா, ஒரு நோட்டு

ஆபரேஷனுக்கு முன்பு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதுதான் சம்மதக் கடிதம். முன்பெல்லாம் பலர் அதில் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது உங்களால் படிக்க முடியும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாள் ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ இருந்தால் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்று கேள்விகளை நோட்டில் முன்பே எழுதி வையுங்கள்.

1. எந்த உறுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள்?
2. இதில் என்ன ஆபத்து வரலாம்?
3. ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா?

இது சின்ன விஷயம் அல்ல. ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதற்குத்தான் அவர் சம்மதம் தந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கினார். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. வயது வந்த நோயாளிக்கு நினைவு இருந்தால் அவருடைய சம்மதம்தான் வேண்டும். ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு.

உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் பேனா.

நோயாளியின் துணிப் பை

தையல் வயிற்றில் இருக்கும். பாவாடை நாடா அதன் மேல் அழுத்தினால் வலிக்கும். ஆகவே முன்பக்கம் திறக்கும் தளர்வான நைட்டிதான் நல்லது. மூன்று நைட்டி வைத்தால் போதும். வீடு திரும்பவும் தளர்வான துணியே வேண்டும்.

மற்றவை:

- உள்ளாடைகள், மாதவிடாய்த் துணி அல்லது பஞ்சு நாப்கின்
- துண்டு இரண்டு, போர்வை ஒன்று
- சோப்பு, பல்பொடி அல்லது பேஸ்ட், பிரஷ், சீப்பு
- தட்டு, டம்ளர், ஸ்பூன்
- வழுக்காத செருப்பு
- மூக்குக் கண்ணாடி, அதற்கு ஒரு கூடு
- ஒரு சின்னத் தலையணை

செருப்பு எதற்கு? பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் எழுந்து நடக்கச் சொல்வார். "தையல் பிரிந்துவிடுமோ" என்று பலர் பயந்து படுத்தே இருக்கிறார்கள். படுத்தே இருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. ஆகவே நர்ஸ் சொன்னதும் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். ஈரத் தரையில் வழுக்கக் கூடாது. அதற்குத்தான் செருப்பு.

சின்னத் தலையணை எதற்கு? இருமும்போது வயிறு குலுங்கும். தையல் சுரீர் என்று வலிக்கும். வலிக்குப் பயந்து சிலர் இருமலை அடக்குவார்கள். அதனால் நெஞ்சில் சளி கட்டும். தலையணையை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். ஆட்டோவில் வீடு திரும்பும்போதும் இது உதவும்.

துணைக்கு இருப்பவரின் பை

நோயாளிக்கு ஒரு கட்டில் கிடைக்கும். துணைக்கு வருபவருக்குத் தரைதான். அவருக்கும் தனியாகப் பை வேண்டும்.

- பாய், போர்வை, மாற்றுத் துணி
- தண்ணீர் பாட்டில், வெந்நீருக்குப் பிளாஸ்க்
- பக்கெட், மக்
- செல்போன், சார்ஜர்
- முக்கியமான போன் எண்கள் எழுதிய தாள்
- செலவுக்குப் பணம், அதில் கொஞ்சம் சில்லறை
- பைக்குச் சின்னப் பூட்டு

போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாளில் எழுதிய எண் இருக்கும். பணத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்க விடமாட்டார்கள். யார் எந்த இரவு தங்குவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

துணைக்கு ஆள் மாறும்போது நோட்டு கைமாற வேண்டும். எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று அதில் எழுதுங்கள். இரவில் வருபவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்வார். ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுக்கும் தவறு நடக்காது.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியவை

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் திருட்டுப் போகலாம். வேறு காரணமும் உண்டு. ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். கை வீங்கினால் மோதிரம் இறுகும். தாலியைக் கழற்ற மனம் வராது. என்ன செய்யலாம் என்று நர்ஸிடம் முன்பே கேளுங்கள்.

நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். விரலில் ஒரு கருவியை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். பூச்சு இருந்தால் கணக்குத் தவறலாம்.

வயிற்று முடியை வீட்டில் பிளேடால் வழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதன் வழியே கிருமி போகும். முடியை எடுக்க வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். முதல் நாள் சோப்புப் போட்டுக் குளித்தால் போதும்.

பையில் ஒளித்துக் கொண்டுபோகக் கூடாதது

அது சாப்பாடு. ஆபரேஷனுக்கு முன்பு வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆனால் அன்பு யாரை விட்டது? ஒரு மாமியார் நர்ஸிடம் கேட்கிறார்.

"ராத்திரியிலிருந்து என் மருமகள் ஒன்றும் சாப்பிடவில்லை சிஸ்டர். ஒரு வாய் காபி தரட்டுமா?"

"வேண்டாம் அம்மா. மயக்க மருந்து கொடுத்ததும் வயிற்றில் இருப்பது மேலே வரும். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்."

"கொஞ்சம்தானே சிஸ்டர்?"

"கொஞ்சம் போனாலும் ஆபத்துதான் அம்மா. தெரியாமல் ஏதாவது கொடுத்துவிட்டால் உடனே எங்களிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். மறைத்தால்தான் கஷ்டம்."

எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது, எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். அந்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பையில் வைக்க முடியாத ஒன்று

அது ரத்தம். ஆபரேஷனில் ரத்தம் தேவைப்படலாம். உறவினர் யாராவது ரத்ததானம் செய்ய முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்பது உண்டு. 18 முதல் 65 வயது வரை உள்ள, குறைந்தது 45 கிலோ எடையுள்ள, ஆரோக்கியமானவர் ரத்ததானம் செய்யலாம். முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். பணம் கொடுத்து ரத்தம் வாங்க வேண்டாம். ரத்தத்தை விற்பது 1998 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

திரும்பி வரும்போது

வரும்போது பையில் புதிதாக ஒரு காகிதம் சேரும். அதுதான் டிஸ்சார்ஜ் சீட்டு. என்ன ஆபரேஷன் நடந்தது, என்ன மருந்து, தையல் பிரிக்க எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் முடிவு எப்போது வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவை வாங்க மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

- காய்ச்சல்
- தையலில் சீழ், நாற்றம், பிரிதல்
- அதிக ரத்தப் போக்கு
- ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி
- மூச்சுத்திணறல்
- சிறுநீர் போகாமல் இருத்தல்

பல மாநிலங்களில் 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கிளம்பும்போது அந்தக் காகிதப் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார்? மாத்திரை அட்டையைப் பார்த்து அதன் பெயரை எழுதுங்கள்.
2. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பு கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?
3. ஆபரேஷனுக்கு முன்பு ஏன் காபி கூடக் குடிக்கக் கூடாது?
4. வீட்டில் உள்ள ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்து ஒரே உறையில் வையுங்கள். உறையின் மேல் உங்கள் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.